பிரதமர் கணக்குச் சொல்ல வேண்டிய இடம் மக்களவை

பெருநகர் என்ற ஊரில் இருக்கும் வாக்காளர் பிரதமருக்கு வாக்களிப்பதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். அங்கே வாக்குச்சாவடிக்குள் போய்ப் பொத்தானை அழுத்துகிறவர் காஞ்சிபுரம் தொகுதிக்கு ஒரு மக்களவை உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுக்கிறார். சுவரொட்டியில் யாருடைய முகம் பெரிதாக இருந்தாலும், மேடையில் யாருடைய பெயர் முழங்கினாலும், சட்டப்படி நடப்பது அவ்வளவுதான். மக்களவையில் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெற்றவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிக்கிறார். அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பானது என்று அரசியல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியென்றால் பெருநகர் வாக்காளருக்குப் பிரதமர் மீது இருக்கும் பிடி, காஞ்சிபுரத்து உறுப்பினர் வழியாக மட்டுமே இருக்கிறது. அந்த உறுப்பினர் அவையில் பிரதமரைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தால், அரசின் மசோதா தவறென்று பட்டால் எதிர்த்து வாக்களிக்க முடிந்தால், அந்தப் பிடி உயிரோடு இருக்கிறது. முடியாவிட்டால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறுந்து அறுந்து ஒட்டும் உறவாகிவிடுகிறது. இந்தியப் பிரதமர் பதவியின் வரலாற்றைப் பார்த்தால், இந்தப் பிடி படிப்படியாகத் தளர்ந்து வந்திருப்பது தெரிகிறது. ஒரு கட்சியோ ஒரு தலைவரோ மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ஆகவே இதைச் சரிசெய்யும் கடமையும் எல்லோருடையது.

பிரதமர் என்ற பதவி சட்டத்தில் எழுதிவைத்துப் பிறந்ததல்ல. பிரிட்டனில் 1721-இல் ராபர்ட் வால்போல் கருவூலத் தலைமையை ஏற்றதிலிருந்து அதன் கதையைத் தொடங்குவது வழக்கம். மன்னரின் அமைச்சர், அவையின் ஆதரவு இல்லாமல் ஆள முடியாது என்ற நிலை மெல்ல மெல்ல உருவானது. நம் அரசியல் நிர்ணய சபை அந்த வழக்கத்தை எழுத்தில் வடித்தது. முடிக்கு இருந்த இடத்தில் குடியரசுத் தலைவரை வைத்தது. அமெரிக்க முறையை ஏற்கலாம் என்ற குரல்களும் அந்தச் சபையில் ஒலித்தன. பேராசிரியர் கே.டி. ஷா அதற்காக வாதாடினார். ஆனால் 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசியல் சட்டத்தை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மிகத் தெளிவாக எடுத்துவைத்தார். அதிபர் முறையில் நிலைத்தன்மை அதிகம், பொறுப்புடைமை குறைவு. நாடாளுமன்ற முறையில் பொறுப்புடைமை அதிகம், நிலைத்தன்மை குறைவு. அதிபர் முறையில் ஆட்சியை மக்கள் எடைபோடுவது தேர்தலின்போது மட்டும். நாடாளுமன்ற முறையிலோ தேர்தலில் மக்களும், அன்றாடம் அவை உறுப்பினர்களும் எடைபோடுகிறார்கள். கேள்விகள், தீர்மானங்கள், ஒத்திவைப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவை அந்த அன்றாட மதிப்பீட்டின் கருவிகள். இந்தியாவுக்கு அதுவே ஏற்றது என்று அவர் கருதினார். நிலைத்தன்மையை விடப் பொறுப்புடைமை பெரிது என்பதுதான் நம் குடியரசு தெரிந்தே செய்த தேர்வு. பிரதமர் பதவி பற்றிய எந்த வாதமும் இந்தத் தேர்வை மறந்துவிட்டுத் தொடங்கக் கூடாது.

அதே சபையில், அதே மாதத்தில், சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் த. பிரகாசம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். (அன்று மாகாணத்து முதலமைச்சரையும் பிரதமர் என்றே அழைத்தார்கள், 1937-இல் ராஜாஜியும் அப்படித்தான் பதவியேற்றார்.) 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் நரேந்திர மோடியும் அதே கல்வெட்டைக் குறிப்பிட்டார். பெருநகர் அடங்கிய வட்டத்தின் தலைமையிடமான உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட சபைத் தீர்மானங்கள் அவை. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்தும் ஓலைகளில் பெயர் எழுதி, குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கல்வெட்டை முழுதாகப் படிப்பவருக்கு, குடத்தைவிட வேறொன்று கண்ணில் படும். அதன் பெரும்பகுதி யார் பொறுப்புக்கு வரக் கூடாது என்பதைப் பற்றியது. முன்பு வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன் என்று உறவை வரிசையாகச் சொல்லித் தடுக்கிறது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் வரக் கூடாது. பொறுப்பு 360 நாள் மட்டுமே. இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கிவிட வேண்டும்.

இந்தக் கல்வெட்டை மக்களாட்சியின் பிறப்புச் சான்றிதழாகக் கொண்டாடுவது சரியல்ல என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். பெண்களுக்கும், நிலத்தில் பாடுபட்ட பெரும்பான்மை மக்களுக்கும் அங்கே இடமில்லை. நடந்ததும் வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். கிராமம் என்பதைப் புனிதமாக்கிப் பேசியவர்களை அம்பேத்கர் கடுமையாக மறுத்ததற்கு இத்தகைய விலக்கல்களே காரணம். ஆகவே தேர்ந்தெடுக்கும் முறைக்காக அந்தக் கல்வெட்டை நாம் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. எடுத்துக்கொள்ளத் தகுந்தது அதன் கணக்குக் கேட்கும் கண்டிப்பு. ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவர் யாராக இருந்தாலும், திரும்பி வந்து கணக்கை ஒப்படைக்கும் வரை அவருக்கும் அவருடைய சுற்றத்துக்கும் மறு வாய்ப்பு இல்லை என்று ஒரு சிற்றூர்ச் சபை கல்லில் எழுதி வைத்தது. இன்று நாட்டின் முதன்மைப் பொறுப்பில் இருப்பவரிடம் நாம் அந்த அளவுக்குக் கண்டிப்பாகக் கணக்குக் கேட்கிறோமா என்பதே கேள்வி.

ஒரு காலத்தில் கேட்டோம். 1957 தேர்தலில் 494 இடங்களில் 371 இடங்களைப் பிடித்த காங்கிரஸ் ஆட்சியில் அது நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. முறையான ஆய்வு இல்லாமல், சரிந்து கொண்டிருந்த நிறுவனங்களில் பாலிசிதாரர்களின் பணம் போடப்பட்டது. 1957 டிசம்பரில் இதை மக்களவையில் தோண்டியெடுத்தவர் எதிர்க்கட்சி உறுப்பினர் அல்ல. ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருந்த பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன். அவர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத அரசு, நீதிபதி எம்.சி. சாக்ளாவின் தலைமையில் விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. விசாரணை வெளிப்படையாக நடந்தது. அதிகாரிகள் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா சொன்னார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையிலிருந்து போய் மத்திய அமைச்சரவையில் மிகுந்த செல்வாக்கோடு இருந்தவர் அவர், நேருவின் நம்பிக்கைக்கும் உரியவர். கேள்வி எழுந்ததற்கும் பதவி போனதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டே மாதம். ஆளுங்கட்சி உறுப்பினரின் நாக்கைக் கட்டிப்போடும் சட்டம் எதுவும் அன்று இல்லை என்பதை மனத்தில் வைத்து இதைப் பார்க்க வேண்டும்.

1962-இல் சீனப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, எதிர்க்கட்சிகளின் கோரிக்கையை ஏற்று நாடாளுமன்றம் நவம்பர் 8 அன்று கூடியது. போர் நேரத்தில் கேள்வி கேட்பது தேசத்துக்கு ஆகாது என்று அரசு கதவை மூடவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமே நம் மக்களவை விவாதித்த முதலாவது. 347-க்கு 62 என்று அது தோற்றது. தோற்பது உறுதி என்று தெரிந்தும், நேரு அவையில் இருந்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் முகம் கொடுத்தார். அவர் தவறே செய்யாத பிரதமர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சீன விவகாரத்தில் அவர் செய்த தவறுகள் பெரியவை. அவற்றை அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் இடம் இருந்தது என்பதே இங்கே பொருட்டு. பிரதமரைத் தேர்ந்தெடுப்பதிலும் அன்று ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கு உண்மையான பங்கு இருந்தது. சாஸ்திரி மறைந்த பிறகு, 1966 ஜனவரியில், காமராஜர் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது இந்திரா காந்தியும் மொரார்ஜி தேசாயும் போட்டியிட்டார்கள். நாடாளுமன்றக் கட்சி உறுப்பினர்கள் வாக்களித்து 355-க்கு 169 என்று இந்திராவைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி ஒரு போட்டி வாக்கெடுப்பை நம் ஆளுங்கட்சிகளில் பிறகு காண்பது அரிதாகிவிட்டது.

பிரதமர் ஒருவரே அரசு என்றானால் என்ன நடக்கும் என்பதை 1975 ஜூன் 25 இரவு காட்டியது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் அன்றிரவே கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் சொல்லப்பட்டது. கூட்டுப் பொறுப்பு என்ற சொல்லுக்கு ஓர் இரவில் பொருள் போயிற்று. அதனால்தான் 1978-இல் 44-ஆவது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால் ஒழியக் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கக் கூடாது என்று 352-ஆவது பிரிவில் சேர்த்தது. பிரதமர் அமைச்சரவையைக் கேட்பார் என்று நம்பி எழுதாமல் விட்டதை, கேட்டே ஆக வேண்டும் என்று எழுத நேர்ந்தது.

ஆனால் அந்தத் திருத்தம் அமைச்சரவையை மட்டும்தான் காத்தது. அவையின் பலத்தைக் குறைத்த மாற்றம் 1985-இல் வந்தது. 52-ஆவது திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை, கட்சித் தாவலைத் தடுக்கும் நல்ல நோக்கம் கொண்டது. 1967-க்குப் பிறகு பல மாநிலங்களில் உறுப்பினர்கள் கட்சிவிட்டுக் கட்சி ஓடி ஆட்சிகளைக் கவிழ்த்ததை நாடு வெட்கத்தோடு பார்த்திருந்தது. என்றாலும் சட்டம் தாவலோடு நிற்கவில்லை. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி எந்த வாக்கெடுப்பில் வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், பதவி போகலாம். ஒரு மசோதாவின் ஒரே ஓர் உட்பிரிவை எதிர்ப்பதும், அரசையே கவிழ்ப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒரே குற்றம். இன்று ஒரு பெரோஸ் காந்தி எழுந்து பேசலாம். ஆனால் வாக்கெடுப்பு வந்தால், தான் சொன்னதற்கு எதிராகவே அவர் கையுயர்த்த வேண்டும். அந்தப் பேச்சுக்கு எந்தப் பிரதமர் செவிசாய்ப்பார்?

விளைவு எண்களில் தெரிகிறது. 1952 முதல் 1957 வரை இருந்த முதல் மக்களவை 677 நாள் அமர்ந்தது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவை 274 நாள் அமர்ந்தது. கொரோனா காலத்தைக் கழித்துக்கொண்டாலும் இந்த இடைவெளி மலைக்க வைக்கிறது. 15-ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17-ஆவதில் 16 விழுக்காடுதான். 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் குழு ஆய்வு இல்லாமல் நிறைவேறின. ஏறத்தாழ ஓராண்டு விவசாயிகள் தில்லி எல்லையில் கிடந்த பிறகு, 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி அவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்து நாள் கழித்து இரு அவைகளும் விவாதமே இல்லாமல் ரத்து மசோதாவை நிறைவேற்றின. இயற்றும்போதும் அவையில் தீர ஆராயவில்லை, கைவிடும்போதும் அவை விவாதிக்கவில்லை. 2023 மே மாதம் மணிப்பூரில் வன்முறை வெடித்தது. அதுபற்றிப் பிரதமர் அவையில் விரிவாகப் பேச வேண்டும் என்பதற்காகவே எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 10 அன்றுதான் பிரதமரின் பதில் வந்தது. ஒரு சாதாரணக் கேள்வியில் முடிந்திருக்க வேண்டியதற்கு ஆட்சியைக் கவிழ்க்கும் ஆயுதத்தை எடுக்க வேண்டியிருந்தது என்றால், கேள்வி கேட்கும் வழி அடைபட்டிருக்கிறது என்றே பொருள். இந்தப் போக்கு 2014-இல் தொடங்கியதல்ல. பத்தாண்டு பிரதமராக இருந்த மன்மோகன் சிங் மாநிலங்களவை உறுப்பினர். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் எந்த அவையின் நம்பிக்கையால் ஆட்சி நிற்கிறதோ அந்த அவையின் உறுப்பினராக இல்லாமலே ஒருவர் பத்தாண்டு நாட்டை ஆளலாம் என்பதை நாம் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் சொல்லப்படும் முதல் பதில், மக்கள் உண்மையில் பிரதமரைப் பார்த்துத்தானே வாக்களிக்கிறார்கள், உறுப்பினரைப் பார்த்தா என்பது. வாக்காளரின் மனம் அப்படி இருக்கலாம். அப்படியே இருந்தாலும், தனிமனிதருக்கு விழும் வாக்கு அவையைத் தேவையற்றதாக்கிவிடாது. இஸ்ரேல் இதைச் சோதித்துப் பார்த்தது. அதுவும் நம்மைப் போல நாடாளுமன்றக் குடியரசுதான். 1992-இல் சட்டம் இயற்றி, பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1996, 1999, 2001 என மூன்று முறை அப்படித் தேர்தல் நடந்தது. மக்களிடம் நேரே வாக்கு வாங்கிய பிரதமர்கள், சிதறிக் கிடந்த அவையில் பெரும்பான்மை திரட்ட முடியாமல் தவித்தார்கள். 2001-லேயே அந்த முறையைக் கைவிட்டார்கள். பக்கத்தில் இலங்கை இன்னொரு பாடம் சொல்கிறது. 1978 அரசியல் சட்டம் அங்கே நிறைவேற்று அதிகாரத்தை ஜனாதிபதியின் கையில் குவித்தது. பிரதமர் பதவி மங்கியது. ஆயினும் 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தியபோது, அதை ஏற்க மறுத்தது நாடாளுமன்றமே. ராஜபக்சவுக்கு எதிராக அது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனாதிபதி அவையைக் கலைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 13 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ரணில் மீண்டும் பிரதமரானார். பிரதமரைக் காப்பாற்றியது தெருவில் இருந்த புகழல்ல, அவையில் இருந்த எண்ணிக்கை. அவை வலுவாக இருப்பது பிரதமர் பதவிக்கே அரண் என்பதை எந்த ஆளுங்கட்சியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. உறுப்பினர்களின் கட்டை அவிழ்த்துவிட்டால் ஆட்சி நிலைக்காது, நாடு தேங்கிவிடும் என்கிறார்கள். 1996-க்கும் 1999-க்கும் இடையே மூன்று பொதுத் தேர்தல்களையும், வாஜ்பாய், தேவ கௌடா, குஜ்ரால், மறுபடியும் வாஜ்பாய் என்று மாறிய ஆட்சிகளையும் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் இயல்பானது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில், 269-க்கு 270 என்று விழுந்தது. ஆனால் அந்த ஆட்சிகளைக் கவிழ்த்தது உறுப்பினர்களின் மனச்சாட்சியல்ல, கட்சித் தலைமைகள் எடுத்த முடிவு. கொறடா உத்தரவு அதைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. கவிழ்ப்பைத் தடுக்க வேறு வழி உண்டு. மாற்றுப் பிரதமரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இருப்பவரை அகற்றலாம் என்று ஜெர்மனி தன் அடிப்படைச் சட்டத்தில் வைத்திருக்கிறது. 1982-இல் ஹெல்முட் கோல் அப்படித்தான் பொறுப்புக்கு வந்தார்.

பெரும்பான்மை பலம் இருந்தால்தான் பெரிய காரியம் நடக்கும் என்பதும் நம் அனுபவத்தில் பொய்த்திருக்கிறது. 400-க்கு மேல் உறுப்பினர்களை வைத்திருந்த ராஜீவ் காந்தி, ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் தர 64-ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1989 அக்டோபரில் அது மாநிலங்களவையில் தோற்றது. பெரும்பான்மை இல்லாமல் பதவியேற்ற நரசிம்ம ராவ் அரசு அதே நோக்கத்துடன் கொண்டுவந்த மசோதாவை நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பியது, மற்றக் கட்சிகளோடு பேசியது, 1992 டிசம்பரில் நிறைவேற்றியது. இன்று பெருநகர் ஊராட்சிக்கும் நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகளுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்பதும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு உண்டு என்பதும் அந்த 73-ஆவது திருத்தத்தால்தான். அன்றைய உத்திரமேரூர்ச் சபை யாரையெல்லாம் வெளியே நிறுத்தியதோ அவர்களை உள்ளே அழைத்துவந்தது, பேசிப் பேசி இசைவு தேடிய ஒரு சிறுபான்மை அரசு.

உறுப்பினர்களை விட்டால் விலைபோவார்கள் என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நரசிம்ம ராவ் அரசு மீதான 1993 நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது கைமாறிய பணத்தை நாடு மறக்கவில்லை. ஆனால் அது நடந்தது கட்சித் தாவல் தடைச் சட்டம் இருந்தபோதுதான். தமிழ்நாட்டில் 2017-இல் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். பிப்ரவரி 18 அன்று முதலமைச்சருக்கு எதிராக வாக்களித்த 11 ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பதவியிழக்கவில்லை. முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பரில் பதவியிழந்தார்கள். யார் சரி என்பதைவிட, சட்டம் கொள்கையைக் காக்காமல் அவ்வப்போது தலைமையில் இருப்பவரைக் காக்கிறது என்பதுதான் இதில் தெரிவது. தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே, கொறடா உத்தரவை மீறியதற்கான தண்டனையை நம்பிக்கை வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றது. சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் 1992-இல், அரசின் ஆயுள் அல்லது கட்சியின் அடிப்படைக் கொள்கை சம்பந்தப்பட்ட வாக்கெடுப்புகளுக்குள் கொறடாவின் அதிகாரம் அடங்க வேண்டும் என்றே கருதியது. கட்சி மாறுகிறவர் பதவியிழக்கட்டும். நம்பிக்கை வாக்கெடுப்பிலும் நிதிநிலை அறிக்கையிலும் கட்டுப்பாடு இருக்கட்டும். மற்ற மசோதாக்களில் காஞ்சிபுரத்து உறுப்பினர் தன் தொகுதிக்கு எது நல்லதென்று நினைக்கிறாரோ அப்படி வாக்களிக்கட்டும்.

இதோடு சேர வேண்டியது பிரதமரின் கேள்வி நேரம். பிரிட்டனில் 1961 முதல் பிரதமருக்கென்றே நேரம் ஒதுக்கிக் கேள்வி கேட்கிறார்கள். இப்போது புதன்தோறும் அரை மணி நேரம். தன் கட்சி உறுப்பினர்களின் நம்பிக்கையை இழந்து 1990-இல் தாட்சரும் 2022-இல் ஜான்சனும் டிரஸ்ஸும் போனார்கள். அதனால் அந்த நாட்டின் ஆட்சி அமைப்பு உடைந்துவிடவில்லை. நம் நாட்டில் பிரதமரின் துறைகளைப் பற்றிய கேள்விகளுக்குக்கூடப் பெரும்பாலும் இணையமைச்சர்களே பதில் சொல்கிறார்கள். ஆளும் கட்சி மாறியபோதும் இந்த நிலை மாறவில்லை. வாரம் ஒருமுறை, முன்கூட்டி எழுதிக்கொடுக்காத கேள்விகளுக்குப் பிரதமர் நேரில் பதில் சொல்ல வேண்டும் என்று விதி செய்தால், அமைச்சகங்கள் அந்த நாளுக்கு அஞ்சி வேலை செய்யும். தில்லியில் இதைக் கேட்கும் கட்சிகள் சென்னைக் கோட்டையில் தாங்கள் ஆளும்போது முதலமைச்சருக்கும் இதே விதியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அப்போதுதான் கோரிக்கைக்கு மதிப்பு இருக்கும்.

கொறடாவின் அதிகாரத்தைச் சட்டப்படி குறைக்க அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்படலாம். ஆனால் ஒவ்வொரு மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்சிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. நாளையே அவர்கள் அதை நிறுத்தலாம். பிரதமரின் கேள்வி நேரத்துக்கோ திருத்தம்கூட வேண்டாம். 118-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அவையும் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 உறுப்பினர்களும் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான விதித் திருத்தத்தை முன்மொழிய வேண்டும். பிற மாநில உறுப்பினர்களின் ஆதரவையும், ஆளுங்கட்சி வரிசையில் இருப்பவர்களின் ஆதரவையும் தேடிப் பெற வேண்டும்.